தகர யானை விற்பனைக்கு

அப்பாசாமி செத்துக் கிடந்தார்.

வேங்கிக்கால் வீட்டு ஹாலில், வாழ்நாளெல்லாம் சேர்த்த பழைய பொம்மைகளுக்கு நடுவே... பின்மண்டை பிளந்து!

காணாமல் போனது ஒன்றே ஒன்று. சாவி கொடுத்தால் நடக்கும் அந்தக்கால ஜெர்மன் தகர யானை. அதன் வால் மட்டும் செத்தவரின் கைக்குள் இறுகிக் கிடந்தது. பிடுங்கும்போது ஒடிந்திருக்க வேண்டும்.

வாலைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை இன்ஸ்பெக்டர் மணிமொழி.

பிணத்தை முதலில் பார்த்தவர் பக்கத்து வீட்டுத் திருமலை. அப்பாசாமி தனக்கு அண்ணன் மாதிரி என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பொம்மைக்காகக் கொன்றவன் பொம்மைச் சந்தையைக் கவனிக்காமல் இருப்பானா? புதுச்சேரிக்காரர் ஒருவரிடம் அதே ரக யானையை இரவல் வாங்கினாள் மணிமொழி. 'தென்றல்' என்ற பெயரில் ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டாள். விலை நாற்பதாயிரம்.

வந்தது பார் கூட்டம்...

ஒருத்தன் இருநூறு ரூபாய்க்குக் கேட்டான். ஒருத்தன் தன் பழைய ஹெல்மெட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றான். இன்னொருத்தன், துருப்பிடித்த தகரத்துக்கு இந்த விலையா, வெட்கமாக இல்லையா என்று கேட்டான்.

பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்தபடி எல்லோருக்கும் ஒரே பதில் தட்டினாள்.

"கேட்டதுக்கு நன்றிங்க. இந்த விலைக்குக் கட்டுப்படி ஆகாதுங்க. முடிஞ்சா ஏத்திக் கேளுங்க."

"இவனுங்களுக்கெல்லாம் எதுக்கு மேடம் மரியாதை?" என்றார் ஏட்டு சரவணகுமார்.

"மரியாதை கொடுத்தாத்தான் பேசுவான். பேசினாத்தான் உளறுவான்."

ஒரு மதியம், போட்டோ இல்லாத ஒரு கணக்கிலிருந்து செய்தி.

"ஐநூறு தரேன்."

அதே நன்றி. அதே மறுப்பு.

பதில் உடனே வந்தது.

"முழு யானை வேணாங்க. வால் மட்டும் கழட்டித் தாங்க. அதுக்குத்தான் ஐநூறு."

மணிமொழியின் விரல் அப்படியே நின்றது. ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டு... உடைந்ததை ஒட்டப் பார்க்கிறான்!

நேரில் வந்தால் தருவதாக எழுதினாள்.

அடி அண்ணாமலை டீக்கடை. சாதாரணச் சேலையில், ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மேஜையில் யானை.

பைக் நின்றது. செருப்புச் சத்தம் நெருங்கியது.

"தென்றலுங்களா? வால் ரொம்பச் சின்னதா இருக்கே... நானூறு வெச்சுக்கலாமா?"

தெரிந்த குரல். திரும்பினாள்.

திருமலை!

ஓடப் பார்த்தவரைச் சரவணகுமார் அமுக்கினார். திருமலை வீட்டுப் பீரோவில், துணிகளுக்கு அடியில், வாலில்லாத யானை அகப்பட்டது.

ஸ்டேஷனில் திருமலை அழவில்லை. எத்தனையோ தடவை அடிமாட்டு விலைக்குக் கேட்டும் அப்பாசாமி தராமல் சிரித்தாராம். கடைசியில் திருமலையே பிடுங்கினாராம். தள்ளிவிட்டாராம். இரும்பு அலமாரியில் தலை மோதியதாம்.

"வால் இல்லாட்டி ரேட்டு ரொம்பக் கம்மிங்க" என்றார், அதுதான் பெரிய துக்கம் என்பதுபோல.

மணிமொழி எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அந்த ஆளைத் தொடக்கூட இல்லை. இருந்தும் கழுவினாள்.

திரும்பி வந்தபோது திருமலை குழைந்தார்.

"மேடம்... கொஞ்சம் பாத்துக் கேஸ் போடுங்களேன்."

"பேரமெல்லாம் என்கிட்ட வேணாங்க. கோர்ட்டுல ஆயுள்னு சொல்வாங்க... அங்க குறைச்சுக் கேட்டுப் பாருங்க!"