கொட்டகை வாசலில் இறந்தவளுக்கு ஒரு பேர்

பெண்ணாகத்தான் இருக்கும். வேணி என்று கூப்பிடுவேன். பிறக்கும்வரை யாரிடமும் சொல்ல மாட்டேன், அவரிடம்கூட.

ஆவணக் காப்பகத்தின் படிகளில் ஏறும்போது விஜயஸ்ரீ இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். முந்தைய முறை ஆசையில் பேரைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். அந்தக் குழந்தை தங்கவில்லை. இது அவளுக்கும் வயிற்றுக்கும் மட்டும் தெரிந்த பேர்.

மாநகராட்சி மாதந்தோறும் அங்கே நகர வரலாற்றுக் கூட்டம் நடத்தும். கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் அவளுடைய முறை இன்று. காப்பகம் நிற்கும் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் வாந்திபேதிக் கொட்டகை இருந்தது. அதைப் பற்றித்தான் பேச்சு. வெளியே மழை கட்டி நின்றதில் சாயங்காலமே இருட்டிவிட்டது. சுவரெல்லாம் ஈரம்.

பேச்சு நன்றாகவே போனது. ஒரு கர்ப்பிணியைக் கொட்டகை வாசலில் இறக்கிவிட்டு வண்டி திரும்பிப்போன கதைக்கு வந்தாள். உள்ளே தூக்கிப்போகுமுன் அவள் இறந்துவிட்டாள். சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். பேர் யாருக்கும் தெரியாது.

கூட்டம் மூச்சைப் பிடித்துக் கேட்டது. அந்த அமைதி விஜயஸ்ரீக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது.

"பேரில்லாமல் ஏன் விட வேண்டும்? அவளை நாம் வேணி என்று கூப்பிடுவோம்."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது.

எப்படி வந்தது? நாக்கு ஏன் அதை எடுத்தது?

கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையிலிருந்து மளிகைக்கடை சிவசைலம் அண்ணாச்சி எழுந்தார்.

"பேரு வச்சிட்டீயளே டீச்சர்! மாசமா இருக்கையில செத்தவளுக்குச் சொமதாங்கிக் கல்லு நடணும்லா? இல்லன்னா வயித்துச் சொமைய எறக்கி வைக்க எடம் தேடுவா."

"ஏன்வே, உம்ம கடை வாசல்ல நட்டிருவமா?" என்றார் காப்பக அலுவலர் குமரகுருபரன்.

எல்லோரும் சிரித்தார்கள். விஜயஸ்ரீயும் சிரித்தாள். வாயருகே கொண்டுபோன தண்ணீரில் சுண்ணாம்பு வாடை அடித்தது.

கூட்டம் கலைந்தது. மழை பிடித்துக்கொண்டது. அவள் கைப்பையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கிளம்ப வேண்டும் என்று இருந்தது. குழந்தை எப்போது கடைசியாக அசைந்தது? மேடைக்குப் போகுமுன்பா? யோசிக்க யோசிக்க நினைவு வரவில்லை.

"டீச்சர், இங்கன வாங்க." குமரகுருபரன் மடிக்கணினி முன் இருந்தார். "பதிவு நல்லா வந்திருக்கு. அந்தப் பேரு மட்டும் விழல, பாத்துக்கிடுங்க."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

தன் குரல். அவளை நாம்...

வெறும் இரைச்சல்.

அதற்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள். பாரம் சுமந்து வெகுதூரம் நடந்த மூச்சு.

"இன்னொருக்கா கூப்பிடு," என்றது ஒரு பெண்குரல், மிகப் பக்கத்தில். "எறக்கி வச்சுக்கிடுதேன்."

விஜயஸ்ரீ ஹெட்போனைப் பிடுங்கினாள்.

"சார், இதுல ஒரு பொம்பள பேசுதா."

"பொம்பளயா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே. மழைச் சத்தமா இருக்கும்." அவர் மைக்கை நீட்டினார். "அந்தப் பேர மட்டும் ஒருக்கா சொல்லிருங்க. ஒட்ட வச்சிருதேன். ராத்திரியே யூடியூபுல ஏத்தணும்லா."

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. மண்டபத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. இருந்தும் அவள் கழுத்துக்குப் பின்னால் அதே மூச்சு, விட்டு விட்டு.

புடவைக்கு மேல், அடிவயிற்றில், குளிர்ந்த உள்ளங்கை ஒன்று பைய வந்து படிந்தது.

அவள் கைகள் இரண்டும் மேசை மேல் இருந்தன.

உள்ளங்கை அழுத்தியது. கதவு திறக்குமா என்று பார்ப்பதுபோல. உள்ளே குழந்தை ஒரு முறை, மிக லேசாக, விலகிப் படுத்தது.

இருக்கிறது. இன்னும் இருக்கிறது.

"டீச்சர்? ஒரே ஒரு வார்த்த."

விஜயஸ்ரீ மைக்கை அணைத்து அவர் பக்கம் தள்ளினாள். உள்ளங்கை விலகவில்லை.

"அது எம் புள்ள பேரு சார். தர மாட்டேன்."