பாதி எழுதிய ஹெட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் இருந்தவர்கள்:

கஸ்தூரிரங்கன், முதலாளி. மல்லேஸ்வரத்துக்காரர். நல்ல உயரம். போன் பேசும்போது உட்காரத் தெரியாதவர்.

வெங்கி, டிசைனர். ஹெட்ஃபோன் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

மகா, வெப்சைட்டைச் சோதித்துப் பிழை சொல்பவள். ஸ்ரீராம்புரத்தில் வீடு. கைக்குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஸ்ரீரஞ்சனி. பக்கத்தின் மேல்பகுதி, அதாவது ஹெட்டரும் மெனுவும், அவள் பொறுப்பு.

அவ்வளவுதான். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பிறகு குழப்பம் வரும்.

ஈஜிபுராவில் ஒரு பேக்கரிக்கு மேலே மூன்றாவது மாடி. யாரோ குடும்பம் நடத்திய வீட்டைத் தடுத்து அலுவலகம் ஆக்கியிருந்தார்கள். எல்லா ஜன்னலிலும் கம்பி. வெளியே போக ஒரே வழி, பழைய தேக்குக் கதவு. நிலைக்கு மேலே சுவரில் ஒரு பெருமாள் படம், அதன் தலையில் சிவப்புக் குட்டி பல்பு. மத்தியானத்திலிருந்து மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் தகரத்தில் அது விடாமல் விழும் சத்தமும், கீழே அடுப்பில் வேகும் பன்னின் தித்திப்பு வாசமும், மூடிக் கிடந்த அறையில் கம்ப்யூட்டர்கள் மூச்சுவிடும் சூடும் சேர்ந்து எல்லோரையும் பாதித் தூக்கத்தில் வைத்திருந்தன. படிக்கட்டு ஓரத்துப் பாத்ரூமுக்குப் போய்விட்டு உள்ளே வந்த ஸ்ரீரஞ்சனியின் கூந்தல் கிளிப்பை எதுவோ உரசியது.

நிமிர்ந்து பார்த்தாள். நிலையின் மேல்சட்டம்.

அவள் குள்ளம். அந்தச் சட்டத்தை எம்பினால்கூடத் தொட முடியாது. ஆயுத பூஜைக்கு மாவிலை கட்ட ஸ்டூல் போட்டு ஏறியவள் அவள்தான். இப்போது பெருமாளின் சிவப்பு பல்பு, கையை நீட்டினால் எட்டும் இடத்தில் எரிந்துகொண்டிருந்தது.

சரியாகத் தூங்கவில்லை என்று சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். வேலைக்குப் போகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு காரணம் போதும்.

வேலை, ஒரு கல்யாண மண்டபத்துக்கான வெப்சைட். மறுநாள் காலை மண்டபத்துக்காரருக்குக் காட்ட வேண்டும். பக்கத்தைத் திறந்ததும் ஹெட்டர் தங்கக் கரையோடு உயரமாக நிற்கும். கீழே ஸ்க்ரோல் செய்யச் செய்ய, அகலம் அப்படியே இருக்க உயரம் மட்டும் குறைந்து, மெல்லிய பட்டையாகத் திரையின் உச்சியில் ஒட்டிக்கொள்ளும். மெனுவில் உள்ள பெயர்கள் வலது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக மறையும். திரும்ப மேலே ஸ்க்ரோல் செய்தால் எல்லாம் பழையபடி வந்துவிட வேண்டும்.

இதில் முதல் பாதியை மட்டும்தான் ஸ்ரீரஞ்சனி எழுதியிருந்தாள். காட்டும்போது எல்லோரும் கீழேதான் இழுத்துப் பார்ப்பார்கள். மேலே வருவதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

மெனுவில் என்ன பெயர்கள் வேண்டும் என்று மண்டபத்திலிருந்து இன்னும் சொல்லவில்லை. இடம் காலியாக இருந்தால் சோதிக்க முடியாது. அதனால் வந்திருந்தவர்களின் பெயர்களையே போட்டு நிரப்பியிருந்தாள். ஸ்ரீரஞ்சனி, மகா, கஸ்தூரிரங்கன், வெங்கி.

"ஏன் குரு, என் பேரு மட்டும் கடைசி?" என்றான், யாரையும் 'குரு' என்றே கூப்பிடும் வெங்கி, ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நகர்த்தி. "க்ரூப் ஃபோட்டோலயும் என்னை ஓரத்துலதான் நிக்க வைக்கிறீங்க."

"ஓரத்துல நின்னாதானே உன்ன வெட்டி எடுக்க வசதி," என்றாள் மகா.

கேபினிலிருந்து கஸ்தூரிரங்கன் குரல் கொடுத்தார். "காட்டறதுக்கு முன்னாடி என் பேரை எடுத்துடும்மா. சமையல் கான்ட்ராக்ட் எடுக்கறவன்னு நெனச்சுக்கப் போறார்."

சிரித்தார்கள். ஸ்ரீரஞ்சனி லேப்டாப்பின் டச்பேடில் இரண்டு விரலை வைத்து இழுத்தாள். ஹெட்டர் நழுவிச் சுருங்கியது. வலது ஓரத்தில் 'வெங்கி' மங்கியது. மறைந்தது. அழகாகத்தான் இருந்தது.

"டேய், இங்க பாரு, எப்படி இருக்கு?"

திரும்பினாள். வெங்கியின் நாற்காலி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உட்காரும் இடத்தில் ஹெட்ஃபோன் கிடந்தது. அதிலிருந்து பாட்டு, கொசு போல, மெலிதாகக் கசிந்தது.

"டீக்குப் போயிருப்பான்க்கா," என்றாள் மகா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாசலில் அவன் செருப்பு இருந்தது. குடையும் இருந்தது.

கஸ்தூரிரங்கன் போனைக் காதில் வைத்தபடி வழக்கம்போல நடந்து வந்தார். வெளியே போய்ப் பேசலாம் என்று திரும்பியவர், நிலையின் மேல்சட்டத்தில் நெஞ்சை இடித்துக்கொண்டு நின்றார். போனைக் கட் செய்தார்.

"இதென்னம்மா?"

சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. நிலைக்கு மேலே இருந்த சுவரைக் கையால் தடவினார். புதுச் சிமெண்ட் இல்லை. பழைய டிஸ்டம்பர், பழைய விரிசல், படத்தின் பின்னால் ஒட்டடைகூடக் கலையாமல் இருந்தது. அந்தச் சுவர் எப்போதும் அவ்வளவு தாழத்தான் இருந்தது என்பதுபோல. பெருமாள் அவருடைய முகத்துக்கு நேர் எதிரே நின்றார்.

"பில்டிங் ஓனரைக் கூப்பிடறேன். நீங்க ரெண்டு பேரும் வேலையைப் பாருங்கோ."

கேபினுக்குள் போனார். கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். ஸ்ரீரஞ்சனி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு பயந்தாலும் விரலின் பழக்கம் போகாது. யோசிக்கும்போது அவள் விரல் எதையாவது ஸ்க்ரோல் செய்துகொண்டே இருக்கும். இப்போதும் செய்தது.

"நோடி சார், நம்ம பாகிலு..."

கதவு என்ற அந்தச் சொல்லோடு குரல் நின்றது. ஏதோ மேஜைமேல் விழுந்தது. பிறகு போனுக்குள் இருந்த ஆள் மட்டும், எதுவும் கேட்கவில்லை என்று, தனியாகப் பேசினார். "ஹலோ? ஹலோ சார்? கேள்தா இல்லா சார்."

மகா எழுந்தாள். கேபினை எட்டிப் பார்த்தாள். ஸ்ரீரஞ்சனியின் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். ஸ்ரீரஞ்சனி, மகா. அதற்கப்புறம் வெறும் தங்கக் கரை.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தார்கள். நிலை இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.

"மேல தள்ளுக்கா," என்றாள் மகா.

தள்ளினாள். பக்கம் மேலே போனது. ஹெட்டர் அசையவில்லை. அதற்கான பாதியை அவள் எழுதவே இல்லை. ரிஃப்ரெஷ் செய்தாள். பக்கம் கண்சிமிட்டிவிட்டு, சுருங்கிய ஹெட்டரோடு, விட்ட இடத்திலேயே வந்து நின்றது.

"வோணாம்க்கா. அத்த அப்டியே வுட்டுட்டு வா, போயிடலாம். பாப்பா காலைலேந்து என்னத் தேடினு இருக்கும்."

மகாவை வரவழைத்தது ஸ்ரீரஞ்சனிதான். சனிக்கிழமை போன் செய்து, சும்மா வந்துட்டுப் போடி, சாப்பாட்டு நேரத்துக்குள்ள அனுப்பிடறேன் என்றவள் அவள்தான்.

மகா குனிந்தாள். முட்டி போட்டு, தலையை வெளியே விட்டாள். பாதி உடம்பு படிக்கட்டுப் பக்கம், பாதி உடம்பு அறைக்குள். ஒரு கையைப் பின்னால் நீட்டினாள்.

"வாக்கா, சீக்கிரம்!"

ஸ்ரீரஞ்சனி போயிருக்கலாம். ஆனால் லேப்டாப் திறந்து கிடந்தது. யாராவது தொட்டுவிட்டால்? காற்றில் ஏதாவது விழுந்துவிட்டால்? மூடி வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று திரும்பினாள். அவசரத்தில் மூடியைப் பிடிக்கப் போன உள்ளங்கை டச்பேடில் பட்டது.

பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. கொஞ்சம்தான்.

"வாக்..."

மழைச் சத்தம்.

திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரம் பிடித்தது. மகாவின் பச்சைச் செருப்பு வாசலில் இருந்தது. மகா இல்லை. நிலை இப்போது முழங்காலுக்குக் கீழே. கதவும் அதே அளவுதான், அகலம் குறையாமல், நசுக்கி வைத்ததுபோல. பெருமாள் படம் முழங்கால் உயரத்தில் நின்றது. சிவப்பு பல்பின் வெளிச்சம் மொசைக் தரையில் படர்ந்து மேஜைக் கால்வரை வந்தது.

குப்புறப் படுத்துத் தலையை விட்டுப் பார்த்தாள். தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் போனது. படிக்கட்டு தெரிந்தது. ஈரக் காற்று முகத்தில் பட்டது. நெஞ்சு போகவில்லை. மூச்சை முழுக்க விட்டுவிட்டுத் தள்ளினாள். மேல்சட்டம் முதுகெலும்பில் உட்கார்ந்தது. ஒரு கணம் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. சட்டை கிழிய உருவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள். கத்தினாள். தட்டுகள் நிற்கவில்லை.

மகாவின் மேஜைமேல் போன் அதிர்ந்தது. அவள் புருஷன் உமேஷ்.

"இன்னா மகா, மெசேஜ் பாக்க மாட்ற?"

"உமேஷ், நான் ரஞ்சனி."

"அக்கா! இன்னாக்கா, ஞாயித்திக்கெழமகூட எங்க ஊட்டுக்காரிய வுட மாட்றீங்க?" சிரித்தான். பின்னால் குழந்தை வீறிட்டது. "பாட்டில் பால வாய்லயே வெக்க மாட்டுது. நானே பாப்பாவத் தூக்கினு வண்டில வந்துனு இருக்கேன். மழைக்கு இங்க ஓரமா நின்னுனு இருக்கேன். கெளம்பிட்டாளா?"

"இங்கதான் இருக்கா. வந்துடுவா."

"அவகிட்ட குடுங்களேன்."

கட் செய்தாள்.

உட்கார்ந்தாள். திரையின் உச்சியில் ஒரே பெயர். அவளுடையது. இன்னும் ஒரு விரல் அளவு கீழே போனால் அதுவும். டச்பேடைப் பார்க்கவே பயமாக இருந்தது. வெங்கியின் கீபோர்டைப் பிடுங்கி வந்து மாட்டினாள். பக்கத்தைத் தொடாமல், திரையில் இன்னொரு விண்டோ திறந்து எழுத ஆரம்பித்தாள். மேலே ஸ்க்ரோல் செய்தால் மறைந்த பெயர்களைத் திரும்பக் காட்டு. அவ்வளவுதான். தினமும் எழுதுகிற வரிகள். ஒவ்வொன்றையும் அடித்து அடித்துத் திருத்தினாள். மகாவை வரவழைத்தது நான். மகாவை அனுப்ப வேண்டியதும் நான். அதையே சொல்லிக்கொண்டு எழுதினாள்.

மழை நின்றது. அது எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே சாயங்காலம் சாம்பலாகியிருந்தது. வெங்கியின் ஹெட்ஃபோனில் பாட்டு ஓயவில்லை.

சேவ் செய்தாள்.

இரண்டு விரல்களை டச்பேடில் வைத்தாள். மேல் நோக்கித் தள்ளினாள்.

மகா.

பெயர் வந்தது. அழுதுவிட்டாள். இன்னும் தள்ளினாள். கஸ்தூரிரங்கன். இன்னும். வெங்கி. பக்கம் உச்சியில் முட்டி நின்றது. அதற்கு மேலே போக இடமில்லை.

பிறகுதான் கவனித்தாள். பட்டை மெலிதாகவே இருந்தது. பெயர்கள் அதற்குள் நசுங்கி இருந்தன. எழுத்தின் அகலம் முழுசாக. உயரம் கோடு மாதிரி. பெயர்களைத் திரும்பக் கொண்டுவர எழுதியிருந்தாள். உயரத்தைத் திரும்பக் கொடுக்க எழுதவில்லை.

ஒரு வரி. ஒரே வரி.

கை கீபோர்டுக்குப் போனது.

படிக்கட்டில் சத்தம்.

வெறுங்கால்கள். ஏறி வருகிற சத்தம் இல்லை. ஒவ்வொரு படியாக எதையோ மேலே இழுத்துப் போடுகிற சத்தம். தொப். நிறுத்தம். தொப்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

திறந்து கிடந்த கதவு வழியே உள்ளே வந்தார்கள். யாரும் குனியவில்லை.

முதலில் வெங்கி. தோள்கள் அதே அகலம். உயரம் மட்டும் இல்லை. முகம் இரண்டு பக்கமும் பரந்து கிடந்தது. கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே இடமே இல்லை. பின்னால் கஸ்தூரிரங்கன். போன் இல்லாத கை இன்னும் காதில். இரண்டு பேரும் தரையோடு தரையாக நகர்ந்து வந்து, சிவப்பு வெளிச்சத்தில், அவள் மேஜைக்குக் கீழே நின்றார்கள். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள்.

கடைசியில் மகா.

"வேலை முடிஞ்சிச்சாக்கா?"

அதே குரல். முழுக் குரல். தரையிலிருந்து.

கீழே தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. குழந்தையின் அழுகை. செருப்புக் கால்கள் வேகமாகப் படியேறின. "மகா! ஏ மகா! பாப்பா வந்துகீது பாரு!"

மகா அந்த அகன்ற முகத்தைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம்வரை திறந்தது. மூடியது.

பிறகு தன் உயரத்துக்குச் சரியாக இருந்த கதவைப் பின்னால் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, சாவியைத் திருகினாள்.