உடும்பு குடிக்காத தண்ணீர்

ஐந்தாம் வகுப்பில் அவளை எல்லோரும் உடும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். எதையாவது பிடித்தால் லேசில் விடமாட்டாள் என்பதுதான் காரணம்.

இரண்டு மாதமாக அவள் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு தாழ்ப்பாளை. அதாவது, பள்ளியில் பெண்கள் கழிவறையின் மூன்று கதவுகளிலும் இல்லாத தாழ்ப்பாளை!

ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் மாலைவரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் பெண்கள் பலர் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. போன வாரம் உடும்பின் உயிர்த்தோழி விளையாட்டு நேரத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். அன்று முதல் பிடி இன்னும் இறுகியது.

டீச்சரிடம் சொன்னாள். "பார்க்கலாம்மா" என்றார். காவலாளியிடம் சொன்னாள். "பார்க்கலாம் பாப்பா" என்றார். தலைமையாசிரியரிடமும் சொன்னாள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று அவர் இரண்டு முறை சொன்னார். பெரிய பதவி அல்லவா!

இதற்கிடையில் பள்ளிக்குப் புதிய குடிநீர்த் தொட்டி வந்தது. திறந்துவைக்க எம்.எல்.ஏ. அம்மா வந்தார். முதல் டம்ளர் தண்ணீரைக் குடிக்க உடும்பைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

எம்.எல்.ஏ. பேசினார். "அரசியலுக்கு வர்றதுக்கு முன்னால நான் இருபது வருஷம் நர்ஸா இருந்தேன். 'எங்க வலிக்குது?'ன்னு கேக்காம யாருக்கும் மருந்து கொடுத்ததில்ல. சட்டசபைக்குப் போன பிறகும் அப்படித்தான். மக்களைக் கேட்டேன். முதல்ல குடிதண்ணி, அடுத்து ஆஸ்பத்திரி, அதுக்கப்புறம் ரோடுன்னு சொன்னாங்க. அந்த வரிசையிலதான் வேலை நடக்குது."

எல்லோரும் கைதட்டினார்கள். உடும்பு தட்டவில்லை. 'எங்களை யாருமே கேட்கவில்லையே!' என்று அவளுக்குக் கோபமாக வந்தது.

எம்.எல்.ஏ. குழாயைத் திறந்து, டம்ளரை நிரப்பி நீட்டினார். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"குடி, கண்ணு."

"வேண்டாம், மேடம்."

தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. "அவளுக்குக் கொஞ்சம் கூச்சம், மேடம்."

"எனக்குக் கூச்சமெல்லாம் கிடையாது, சார்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த தோழியைப் பார்த்ததும் உடும்புக்குத் தைரியம் வந்தது.

"மேடம், கேக்காம மருந்து கொடுக்க மாட்டேன்னு சொன்னீங்க. எங்களை யாரும் கேக்கலையே!"

எம்.எல்.ஏ. அவள் முன்னால் குனிந்தார். வெடித்துப் போயிருந்த அவளுடைய உதடுகளை உற்றுப் பார்த்தார்.

"சரி, இப்ப கேக்குறேன். எங்க வலிக்குது?"

"பாத்ரூம் கதவுல, மேடம்."

மறுபடியும் சிரிப்பு. ஆனால் அவள் விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "தண்ணி குடிச்சா அங்க போகணும். போனா தாழ்ப்பாள் இல்ல. அப்புறம் எப்படிக் குடிக்கிறது?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அது சின்ன விஷயம் மேடம், பார்க்கலாம்..." என்று இழுத்தார் தலைமையாசிரியர்.

"சின்ன விஷயம்தான் சார். அதனால இன்னைக்கே முடிச்சிடலாம்" என்றார் எம்.எல்.ஏ.

"எத்தனை மணிக்கு மேடம்?" என்று கேட்டாள் உடும்பு.

எம்.எல்.ஏ. வாய்விட்டுச் சிரித்தார். "முடியிற வரைக்கும் நானும் இங்கதான் இருப்பேன். போதுமா?"

சொன்னபடியே ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டு விசாரித்தார். தன் குறிப்பேட்டில் 'ஆஸ்பத்திரி' என்ற வரிக்கு மேலே, 'எல்லாப் பள்ளிக்கூடத்திலும் தாழ்ப்பாள்' என்று எழுதினார்.

தச்சர் வந்தார். மூன்று கதவுகளிலும் தாழ்ப்பாளைத் திருகி முடித்தார்.

உடும்பு ஒவ்வொன்றிலும் உள்ளே போய்த் தாழிட்டாள். "தள்ளுடி!" என்று கத்தினாள். தோழி தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு அசையவே இல்லை.

பிறகு நேராகத் தொட்டிக்கு வந்து, டம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தாள். அடுத்த டம்ளரைத் தோழிக்கு நிரப்பிக் கொடுத்தாள்.

புகைப்படக்காரர் அரக்கப் பரக்க ஓடி வந்தார். "ஐயோ பாப்பா, கேமராவைப் பைக்குள்ள வச்சுட்டேனே! இன்னொரு தடவை குடிக்க முடியுமா?"

உடும்பு டம்ளரைக் குழாயடியில் நீட்டினாள்.

"எத்தனை தடவை வேணும், அங்கிள்?"