பிற்பகலில் மட்டும் காய்ந்த அரிசி

"அத்தா, மலேசியாவுல ஒரு கிலோன்னா நம்ம ஊரு ஒரு கிலோதானா?"

ஹஃப்ஸா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அவளுடைய தந்தை ஹாஜா மைதீன் அப்போது மலேசியத் துறைமுகம் ஒன்றில் தானியப் பரிசோதனை வேலையில் இருந்தார். "எல்லா ஊரிலும் ஒரே கிலோதான்மா" என்று தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அதை யாரு ஒத்துப் பாத்தா?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

சில வருடங்கள் கழித்து அவர் ஊர் திரும்பித் தஞ்சாவூரில் ஒரு சிறிய அரிசி ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாளரானார். மகள் கேட்டதற்குப் பதில் தேடுவதே அவருடைய வேலையாக அமைந்தது. கடலோர நாடுகள் ஐந்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தன. ஒரே வயலில் விளைந்த அரிசியை ஐந்து டின்களில் அடைத்து, நாட்டுக்கு ஒன்றாகப் பாங்காக்கிலிருந்து அனுப்புவார்கள். ஒவ்வொரு நாடும் அதன் ஈரப்பதத்தைத் தனித்தனியே அளந்து சொல்ல வேண்டும். ஐந்து பேர் சொல்வதும் ஒத்துப்போனால், இங்கே கொடுக்கும் சான்றிதழை அங்கே ஏற்றுக்கொள்வார்கள். டெல்டா அரிசி வெளிநாட்டுத் துறைமுகத்தில் மறுபரிசோதனைக்காக நாள்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. இந்தியாவுக்கு வந்த டின் தஞ்சாவூருக்கு அனுப்பப்பட்டது.

அந்த டின்னால்தான் இப்போது தூக்கம் கெட்டு, மாசி மாதக் காலை ஒன்றில் ஹாஜா மைதீன் கரந்தையில் பிரகதாம்பாள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பிரகதாம்பாள் முப்பது வருடம் எடை அளவுகளுக்கு முத்திரை போடும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கள்ளத் தராசைக் கடை வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். அன்று அவர் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே அவருடைய தம்பி செல்லதுரை, இன்சூரன்ஸ் முகவர், செய்தித்தாளுக்குள் தலையை விட்டிருந்தார்.

"வாங்க பாய், உக்காருங்க. முகமே சரியில்லையே?"

ஹாஜா மைதீன் காபியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். அரிசியை மாவாக அரைத்து, மூடி போட்ட சிறு அலுமினியக் கிண்ணத்தில் எடை போட்டு, ஓவனில் காயவைத்து, மறுபடியும் எடை பார்ப்பார்கள். குறைந்த எடைதான் அரிசியில் இருந்த தண்ணீர். காலையில் அவரே அளக்கிறார். நூற்றுக்குப் பதிமூன்று வருகிறது. பிற்பகலில் வானதி என்ற பெண் அளக்கிறாள். பன்னிரண்டே முக்காலுக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. தினமும் இதே கதை.

"இத்துனூண்டு வித்தியாசம்தானே?" என்றார் செல்லதுரை.

"சும்மா மில் அரிசிக்குன்னா கண்டுக்கவே மாட்டோம். இது அஞ்சு நாட்டுப் பரீட்சை. நாளைக்குள்ள முடிவை அனுப்பணும். இல்லேன்னா, எங்க டின் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டு விலகிக்கணும்." அவர் குரல் தாழ்ந்தது. "அதைக்கூடத் தாங்கிக்கலாம். வானதியோட தாய்மாமன் நாகநாதன் திருக்காட்டுப்பள்ளியில ரைஸ் மில் வெச்சிருக்காரு. ஈரத்தைக் குறைச்சுக் காட்டுற லேப்னா மில்லுக்காரங்களுக்குக் கொண்டாட்டம். ஈர அரிசியும் காஞ்ச அரிசின்னு கப்பல் ஏறிடும். வேணும்னே செய்யறாளோன்னு டெல்லி ஆபீசுல கேக்கறாங்க. பிற்பகல்ல அளக்கறது யாருன்னு பேரு கேட்டாங்க."

"சொல்லிட்டீங்களா?"

ஹாஜா மைதீன் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார்.

"அந்தப் பொண்ணு மேல தப்புன்னா வேலை போகட்டும்மா. தப்பு இல்லேன்னா அந்தப் பாவம் எனக்கு வேணாம். அதான் வந்தேன்."

செல்லதுரை நாற்காலியை முன்னே இழுத்தார். "அக்கா, இதுல என்ன இருக்கு? மில்லுக்காரரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வந்து டின்னைத் திறந்து வெச்சிருப்பாரு. ஈரம் பறந்திருக்கும்."

"மத்தியானம் பறந்த ஈரம் மறுநாள் காலையில திரும்பி வந்து டின்னுக்குள்ள உக்காந்துக்குமாடா? காலையில மறுபடியும் பதிமூணு வருதே."

"அப்ப தராசு கெட்டிருக்கும்."

"தராசு சரி" என்றார் ஹாஜா மைதீன். "முத்திரை எடைக்கல்லை வெச்சுக் காலையும் மாலையும் சோதிக்கிறோம்."

"அப்ப அந்தப் பொண்ணேதான்."

"உனக்கு எல்லாரும் பாலிசி எடுக்காத ஆளு மாதிரியே தெரியறாங்க" என்று பிரகதாம்பாள் எழுந்து கையைக் கழுவினார். "ஸ்கூட்டரை எடு. போய்ப் பாப்போம்."

ஆய்வுக்கூடம் மருத்துவக் கல்லூரிச் சாலையைத் தாண்டி, வயலை ஒட்டி இருந்தது. பிரகதாம்பாள் முதலில் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம், கிண்ணங்களைக் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல். அதன் வெளிவிளிம்பில் எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"இங்கே யாராவது சாப்பிடுவாங்களா பாய்?"

"லேப் உள்ள தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. சாப்பாடெல்லாம் முன்பக்கம் வேப்பமரத்தடியிலதான்."

தராசு அறையில் வானதி விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். கணவன் குவைத்தில்.

"என்னை விசாரிக்கத்தானே வந்திருக்கீங்க? மாமா மில்லைப் பத்திக் கேப்பீங்க. கேளுங்க. அவரு மில்லுல நான் ஒரு படி அரிசிகூட ஓசியில வாங்கினதில்ல மேடம். காசு குடுத்துத்தான் வாங்கறேன். அப்படியும் குறைச்சுத்தான் போடுவாரு."

செல்லதுரை சிரித்துவிட்டார். பிரகதாம்பாளும் சிரித்தார்.

"மாமாவை விடும்மா. பிற்பகல்ல என்னைக்காவது ஒரு தடவை காலை மாதிரியே வந்ததுண்டா?"

வானதி யோசித்தாள். "ஒரே ஒரு கிண்ணம். செவ்வாய்க்கிழமை ஒண்ணு கை தவறிக் கீழே விழுந்து நெளிஞ்சிடுச்சு. பெட்டியிலேருந்து புதுசு ஒண்ணைப் பிரிச்சு, எடை பாத்து, அதுல போட்டேன். அதுல மட்டும் பதிமூணு வந்துச்சு. ஏதோ தற்செயல்னு சார் சொன்னாரு."

"மத்தக் கிண்ணமெல்லாம்?"

"காலையில சார் அளந்த அதே கிண்ணம்தான். நம்பர் வெட்டியிருக்கும். காலிக் கிண்ணத்தோட எடையைக் காலையில ஒரு தடவை பாத்துக் குறிச்சுப்போம். மத்தியானம் ராமாயிக்கா மாவைக் கொட்டி, பிரஷ்ஷால துடைச்சு, மூடி போட்டுக் குடுத்துருவாங்க. சாயங்காலம் எல்லாத்தையும் தண்ணி விட்டுக் கழுவிக் காயவெச்சுருவாங்க."

"முன்னாடி எல்லாம் இப்படித்தானா?"

"முன்னாடி ஒரு கிண்ணத்தை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எடுப்போம். இந்த அஞ்சு நாட்டு வேலைக்குத்தான் திரும்பத் திரும்ப அளக்கச் சொல்லியிருக்காங்க. கிண்ணம் போதலை."

பிரகதாம்பாள் தலையாட்டினார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. செல்லதுரைக்குத்தான் பொறுக்கவில்லை; வெளியே வந்ததும் காதருகில் குனிந்தார்.

"கண்டுபிடிச்சிட்டியா அக்கா?"

"பசிக்குதுடா. முதல்ல சாப்பிடுவோம்."

வேப்பமரத்தடியில் ராமாயி தூக்குச் சட்டியைத் திறந்து எல்லோருக்கும் எலுமிச்சஞ்சாதம் வைத்தாள். நடுத்தர வயது, நெற்றி நிறையத் திருநீறு. துப்புரவு வேலைக்கு வந்தவள். தன் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டு அவளுக்குப் பழக்கமில்லை என்று வானதி சொன்னாள்.

"இன்னொரு கை வைங்கம்மா, அந்த அடியில ஒட்டியிருக்கிற பருப்போட" என்றார் செல்லதுரை.

"இது நாளைக்குங்க" என்று ராமாயி சிரித்தபடி மூடியைப் போட்டாள். "வேணும்னா என் இலையிலேருந்து தரேன். சட்டியை வழிக்க மாட்டேன்."

"நாளைக்கு ஊசிப்போயிடுமே?"

"சாயங்காலம் காக்காய்க்கு வெச்சுருவேன். சோறு இருந்த பாத்திரத்தை ஒண்ணுமில்லாம வழிச்சு வெக்கக் கூடாதுங்க."

பிரகதாம்பாள் கையிலெடுத்த கவளத்தை வாயில் போட்டு மெதுவாக மென்றார். அவர் முகத்தில் ஒரு சிறு வருத்தம் வந்துபோனதைச் செல்லதுரை கவனித்தார், காரணம் புரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு நால்வரையும் தராசு அறைக்குக் கூப்பிட்டார் பிரகதாம்பாள். ராமாயி துடைத்து வைத்திருந்த கிண்ணங்கள் வரிசையாக மூடியோடு இருந்தன.

"வானதி, மாவு போடறதுக்கு முன்னாடி இந்தக் காலிக் கிண்ணத்தை எடை போடும்மா."

"காலையிலேயே போட்டாச்சு மேடம்."

"இன்னொரு தரம் போடு. எனக்காக."

வானதி கிண்ணத்தைத் தராசில் வைத்தாள். கண்ணாடிக் கதவை மூடினாள். எண்கள் ஓடி நின்றன. காலையில் குறித்த எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"கூட இருக்கு!"

அடுத்த கிண்ணமும் கூட இருந்தது. அதற்கடுத்ததும். ஹாஜா மைதீன் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடிமூலையில் நகக்கண் அளவுக்கு வெள்ளையாக மாவு.

"நான் இதைப் பாத்திருக்கேன்" என்றாள் வானதி. "அலுமினியம் சூட்டுல வெளுத்துப்போச்சுன்னு நினைச்சேன்."

"இதான் உங்க பிற்பகல்" என்றார் பிரகதாம்பாள். "இது காலையிலேயே ஓவன்ல காஞ்ச மாவு. இதுக்கு மேல புது மாவைப் போடறீங்க. தராசு ரெண்டையும் சேத்துப் புது மாவுன்னு கணக்குப் பண்ணிக்குது. ஓவன்ல புதுசு தண்ணி விடுது. பழசுகிட்ட விடறதுக்கு என்ன இருக்கு? மொத்தத்துல தண்ணி குறைச்சலாத் தெரியுது. சாயங்காலம் கழுவிடறதால மறுநாள் காலையில எல்லாம் சரி. பெட்டியிலேருந்து பிரிச்ச புதுக் கிண்ணத்துல மிச்ச மாவு இல்லை; அதான் அதுல பதிமூணு வந்துச்சு. இந்தப் பொண்ணு வேணும்னே குறைக்கிறதா இருந்தா அந்தக் கிண்ணத்தை மட்டும் ஏன் விடப்போறா?"

"ஆனா துடைச்சு வெச்ச கிண்ணத்துல மாவு எப்படி…" என்று ஆரம்பித்த செல்லதுரை, ராமாயியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ராமாயியின் கைகள் புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தன.

"நான்தாங்க விட்டு வெச்சேன்" என்றாள். "அரிசி இருந்த பாத்திரமாச்சே. சுத்தமாக் கொட்டிக் கவுத்துட்டா, அரிசி இல்லாத எடமாப் போயிடும். உழக்குலயும் நாலு மணி அரிசி விட்டுத்தான் வீட்டுல வெப்போம். லேப்புக்கு நல்லதுன்னுதான்… சாயங்காலம் கழுவறதுக்கு முன்னாடி அந்தத் துளியை ஜன்னல்ல எறும்புக்குப் போட்டுருவேன். வானதிம்மா பேரு கெட்டுப் போகும்னு எனக்குத் தெரியாதுங்க. என் வேலையை எடுத்துடுங்க. அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க."

வானதி போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுலயும் அரிசிப் பானையைக் கவுக்க மாட்டாங்க" என்றார் ஹாஜா மைதீன் மெல்ல. "வழிச்செடுத்தா பரக்கத், வீட்டு வளம், போயிடும்னு எங்கம்மா திட்டுவாங்க. மலேசியாவுல தனியாப் பொங்கித் தின்ன காலத்துலகூட நான் அதை மீறினதில்ல. எனக்கே தோணலை பாருங்க."

"யாரு வேலையும் போக வேணாம்" என்றார் பிரகதாம்பாள். "துடைக்கிறவங்க மேல இல்ல தப்பு. துடைச்சாச்சான்னு தராசைக் கேக்காம விட்டதுதான் தப்பு. நான் முத்திரை போட்ட கடையில சரக்குத் தட்டுக்கு அடியில புளி ஒட்டி வெச்சவனையும் பாத்திருக்கேன். பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் தட்டைத் துடைச்சு மாத்தறவனையும் பாத்திருக்கேன். ரெண்டு பேரையும் நம்பித் தராசைச் சோதிக்காம வந்ததில்ல. சோதிக்கிறது அவங்களை அவமானப்படுத்தறது இல்ல, பாய். நல்லவங்களுக்கு அதுதான் காவல்."

"அப்ப பழைய பிற்பகல் கணக்கை எல்லாம் அடிச்சிடலாமா?" என்றார் செல்லதுரை உற்சாகமாக.

"அடிக்கக் கூடாது" என்றாள் வானதி. குரலில் காலையின் விறைப்பு இல்லை. "வந்தது வந்தபடி இருக்கட்டும். ஏன் அப்படி வந்துச்சுன்னு பக்கத்துல எழுதுவோம். காலிக் கிண்ணத்தை ஒவ்வொரு தடவையும் எடை போட்டு, மிச்சமிருக்கிற அரிசியைப் புதுசா அளப்போம். மத்த நாலு நாட்டுலயும் அரிசி திங்கிறவங்கதானே இருக்காங்க? அவங்க ஊரு ராமாயிக்காவும் என்ன வழக்கம் வெச்சிருக்காங்களோ! நம்ம தப்பைச் சொன்னா அவங்களும் ஒரு தடவை பாத்துப்பாங்க."

ஹாஜா மைதீன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

ராமாயிக்குக் காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று கொடுத்தார்கள். கிண்ணங்களைச் சுத்தமாகத் துடைக்க வேண்டியது. துளி அரிசி எப்போதும் அந்தப் பாட்டிலில் இருக்க வேண்டியது. அவள் அதைக் கழுவிக் காயவைத்து, ஒரு கைப்பிடி போட்டு, வாசல் அலமாரியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் துடைக்க உட்கார்ந்தாள்.

அன்று பிற்பகல் வானதி அளந்தாள். பதிமூன்று. மறுபடியும் அளந்தாள். பதிமூன்று. செல்லதுரை கைதட்டப் போய், தராசு நடுங்கும் என்று அக்காவிடம் திட்டு வாங்கினார்.

ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். பிரகதாம்பாள் ஸ்கூட்டரில் ஏறும்போது ஹாஜா மைதீனிடம், "அந்தப் பேரு இன்னும் டெல்லியிலதானே இருக்கு?" என்று மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஹாஜா மைதீன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டெல்லிக்கு எண்களைச் சுழற்றினார். லைன் கிடைக்க வெகு நேரமாயிற்று.

"சார், தஞ்சாவூர் ஹாஜா மைதீன் பேசறேன். நேத்து உங்ககிட்ட ஒரு பேரைச் சொன்னேன். அந்தப் பேரைத் திரும்ப வாங்கிக்கத்தான் கூப்பிட்டேன்." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "காரணம் தெரிஞ்சுபோச்சு சார். காலிக் கிண்ணத்தைக் காலையில ஒரு தடவை பாத்தாப் போதும்னு ஏற்பாடு பண்ணினது நான்தான். தப்புக்காரர் பேரு எழுதணும்னா என் பேரை எழுதிக்குங்க. அந்தப் பொண்ணு பேரு உங்க காகிதத்துல எங்கேயாவது இருந்தா, இப்பவே அடிச்சிடுங்க சார். நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தார். அடித்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் ரிசீவரை வைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே வானதி மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனாள். சாப்பாட்டுக் கூடையை மறந்துவிட்டு, எடுக்கத் திரும்பி வந்திருந்தாள் போலிருக்கிறது.

"வரேன் சார்!"

"இருட்டறதுக்குள்ள போயிடுங்கம்மா" என்றார் ஹாஜா மைதீன்.