அயர்வுமானி சுட்டிய பெயர்

2061ஆம் ஆண்டு மார்ச் 9, புதன்கிழமை காலை, பெருந்துறை முதியோர் பன்னோய்க் கூடத்தில் நாச்சிமுத்துவின் அயர்வுமானி சிவந்தது. இதயம், சிறுநீரகம், சர்க்கரை ஆகிய மூன்றுக்கும் சிகிச்சை பெறும் எண்பத்தாறு வயதினர் அவர். மணிக்கட்டில் கட்டிய அக்கருவி நோயின் வலியை அளப்பதன்று. சிகிச்சை தரும் களைப்பை அளப்பது. எது மிகுதியாகக் களைப்பூட்டுகிறதோ அதை நிறுத்த வேண்டும் என்பது விதி. அவ்வாறு சில மாத்திரைகளும் அதிகாலை ஊசியும் நிறுத்தப்பட்ட பின்னர், முதியோர் நன்றாக உறங்கினர். கருவியை வடிவமைத்த செவிலிய ஆய்வாளர் ரெஜினாவுக்கு அதில் பெருமை உண்டு.

இம்முறை கருவி சுட்டியது மருந்தை அன்று, செவிலியர் இதழினியை.

இதழினி அறைக்குள் வரும்போதெல்லாம் அளவு ஏறியிருந்தது. விதிப்படி, இனி அவருக்குப் பதிலாக இயந்திரக் கரம் வர வேண்டும். ரெஜினா விசாரிக்க வந்தார்.

"ஏனுங்க ஐயா, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்றார் இதழினி.

"உன்ற மூஞ்சியக் கண்ணாடில பாத்தியா அம்மிணி? என்னைவிட நீதான் நோயாளியாட்டம் இருக்கற," என்றார் நாச்சிமுத்து. "தண்ணி கேக்கலாம்னு நெனைப்பேன். இந்தப் புள்ளைய எதுக்கு இன்னொருக்கா நடக்க வெக்கறதுன்னு வாய மூடிக்குவேன்."

ரெஜினா திடுக்கிட்டார். "தாகத்தோடயா இருந்தீங்க?"

"பின்ன? உங்க கடியாரம் அதைக் கேக்கலியே!"

ஆள் பற்றாக்குறையால், இரவுப் பணி முடிந்தும் வீடு செல்லாமல், பகல் பணியிலும் நின்றுகொண்டிருந்தார் இதழினி.

"செத்த உக்காரு அம்மிணி."

"உக்காந்தா கேமரா புகார் அனுப்பிப்போடுமுங்க."

நோயாளியின் முன் செவிலியர் அமரலாகாது என்பது கூடத்தின் ஒழுங்கு. ரெஜினாவே அதைப் பலருக்குக் கற்பித்தவர். இப்போது அவர் கட்டிலோரத்தைக் கைகாட்டினார். இதழினி அமர்ந்தார். கருவியின் சிவப்பு மெல்லத் தணிந்தது.

"இவள மாத்திப்போடாதீங்க," என்றார் நாச்சிமுத்து. "மிஷினு வந்தா நான் யாரப் பத்திக் கவலப்படறது?"

கண்டதை ஒளிக்காமல் அறிக்கையாக எழுதினார் ரெஜினா: முதியோரைக் களைக்கச் செய்வது செவிலியரின் களைப்பு, கூடுதல் செவிலியர் தேவை.

மறுவாரம் கூடிய நிர்வாகக் குழு அவ்வறிக்கையை ஒருமனதாக ஏற்றது. இதழினி அதே அறையில் தொடர்வார். புதிய நியமனங்கள் ஒத்திவைக்கப்பட்டன. இரட்டைப் பணி நீடிக்கும். நோயாளிகள் செவிலியரின் களைப்பைக் காணாதிருக்கும்பொருட்டு, பணிநேரம் முழுவதும் முகத்தை முற்றிலும் மறைக்கும் கவசம் அணிவது கட்டாயமாக்கப்பட்டது.