வெல்லத்துக்கு வாசல் சோதனை

செம்புரத்தில் வந்து இறங்குகிறவர்களிடம் முதலில் உடல் மணத்தைப் பறித்துக்கொள்வார்கள். பெட்டியைச் சோதிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். செவ்வாய்க் கிரகத்தின் அந்த ஊர் ஒரே கண்ணாடிக் கூரையின் கீழ் அடங்கியது; பூமியிலிருந்து ஒரு பூஞ்சை உள்ளே வந்துவிட்டால் ஊரே காலி. ஆகவே புதிதாக வருகிறவரின் தலையை மழித்து, தோலில் குடியிருக்கும் கிருமிகளை ஒன்றுவிடாமல் கழுவி, ஊருக்கென்று வளர்த்த பொதுக் கிருமிகளைப் பூசிவிடுவார்கள். இதற்குத் தோல்மாற்று என்று பெயர். செம்புரத்துக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வாசனைதான்.

ரோசலின் இதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. அவள் நினைப்பு முழுக்க வெல்லத்தின் மேல்தான் இருந்தது. தூத்துக்குடி மீன் சந்தை வாசலில், லாரிக்கு அடியில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து அவள் வளர்த்த செவலை நாய் அது. செம்புரத்துக் குடிநீர் ஆலையில் வேலை கிடைத்ததும் தடுப்பூசி, ரத்தச் சோதனை, காதுக்குப் பின்னால் அடையாளச் சில்லு என்று நாயோடு அலையாய் அலைந்தாள். நாயைக் கொண்டுபோக விதி இருந்தது. எழுபது தாண்டிய தகப்பனைக் கொண்டுபோக விதியே இல்லை. அப்பா சேவியருக்குக் கொஞ்சம் மறதி வேறு. "நாயையாவது கூட்டிட்டுப் போம்மா, தொணைக்கு ஆவும்" என்று அவரே சொல்லிவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு செவிலிப்பொறியை வாங்கி, அவர் மறுக்காமல் சாப்பிட வேண்டுமே என்று தன் குரலையே அதற்குக் கொடுத்து, தன் பழைய சுடிதாரையும் மாட்டிவிட்டு வந்தாள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, போனில் முகம் காட்டினார்கள். ரோசலின் காலத்தில் குரலையே வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்.

வெல்லத்துக்கும் அதையேதான் செய்தாள். பிராணிகள் முந்தின கப்பலிலேயே போய், செம்புரத்துத் தனிமைக் காப்பகத்தில் அரை வருடம் இருந்தாக வேண்டும். வேற்றுக் கை பட்டால் வெல்லம் பட்டினி கிடக்கும். எனவே கூண்டுக்குள் தன் பழைய நைட்டியை வைத்து, காப்பகப் பொறிக்குத் தன் குரலையும் அனுப்பினாள். பொறி அந்த நைட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வெல்லம், வாடி, சாப்பிடு" என்று கூப்பிட்டது. காலித் தட்டின் படம் கப்பலுக்கு வரும்போதெல்லாம் ரோசலின் சந்தோஷத்தில் அழுதாள்.

கடைசியாக வாசல் சோதனை. சில்லை மாற்றி நாய் விற்ற திருட்டுக் கும்பலால் வந்த விதி அது. கதவு திறக்கும், பிராணி தானாகவே உரிமையாளரிடம் போக வேண்டும். போகாவிட்டால் அது காப்பகத்துக்கே சொந்தம், மறுவாய்ப்புக் கிடையாது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், நாய் சொல்லாது என்பது செம்புரத்தாரின் நம்பிக்கை.

கதவு திறந்தது. பொறி வெல்லத்தை வாசல்வரை கூட்டிவந்து நின்றது.

"வெல்லம்! வாடி தங்கம்!"

வெல்லத்தின் காது நிமிர்ந்தது. வாலை ஆட்டிக்கொண்டே பாதித் தூரம் ஓடிவந்தது. மொட்டைத் தலையோடு மண்டியிட்டிருந்தவளை மோந்து பார்த்தது. செம்புரத்தில் எல்லோரிடமும் வீசும் அதே வாசனை. வால் நின்றுவிட்டது. குழப்பத்தோடு திரும்பி, பழைய நைட்டியைக் கட்டியிருந்த பொறியிடம் போய், அதன் காலடியில் படுத்துக்கொண்டது.

"நாந்தான்டி! ரோசம்மாடி!" என்று ரோசலின் கத்தினாள். வெல்லம் பொறியை அண்ணாந்து பார்த்தது, கூப்பிட்டது அதுதான் என்று நினைத்து.

காப்பக அதிகாரி ஜெபராஜ் திசையன்விளைக்காரர். "உங்க நாய்தான்னு எனக்குத் தெரியும்மா. ஆனா அது சொல்லணும்லா?"

கதவு மூடிக்கொண்டது. அப்பாவிடம் சொல்லி அழுதால்தான் ரோசலினுக்கு மனசு ஆறும். செவ்வாயிலிருந்து பேச்சு பூமிக்குப் போய்ச்சேரவே நேரம் பிடிக்கும். பேசி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். "அப்பா, வெல்லம் எங்கிட்ட வரலப்பா. என்னைய யாருன்னே தெரியலப்பா அதுக்கு" என்று தேம்பித் தேம்பி அனுப்பிவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதில் வந்தது. அப்பா சற்றுப் பூசினாற்போல், தெம்பாக இருந்தார். திரையை உற்றுப் பார்த்தார்.

"யாரும்மா நீ? வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்டு மொட்ட போட்டியா? அழாத தாயி. எம்மவ ரோசலினும் ஒரு நாய் வச்சிருந்தா. அத எங்க விட்டுட்டு வந்தான்னு தெரியல, கேட்டா சொல்ல மாட்டேங்கா. ஆனா என்னையத் தங்கமா பாத்துக்கிடுதா."

பின்னாலிருந்து ரோசலினின் குரல் கேட்டது. "அப்பா, கஞ்சி ஆறுது. யாரு கூடப் பேசிட்டு இருக்கீங்க?"

"யாரோ தெரியலம்மா. பாவம், அழுதுக்கிட்டு இருக்கு" என்றார் சேவியர். முகம் மலர, அந்தக் குரல் வந்த பக்கம் எழுந்து போனார்.