நாற்பத்தொரு வருடச் சொல்

இருதயராஜின் இரத்தத்திலிருந்து ஒன்பது ஆங்கில எழுத்துகள் வந்திருந்தன. அந்த ஒன்பதையும் அதே வரிசையில் தனக்குள் அடக்கிய ஒரு நீளமான ஆங்கிலச் சொல்லைத் துழாவி என்ற இயந்திரம் கண்டுபிடித்துத் தர வேண்டும். தந்தால் பிழைப்பான். நான்கு நாள் தாங்குவான் என்று டாக்டர் முத்துநாயகம் சொல்லியிருந்தார்.

தூத்துக்குடி சொல்மனையில் இது அன்றாட வேலைதான். வேதிப்பெயர் வெறும் பெயரில்லை, செய்முறை. எதற்குப் பிறகு எதைக் கோக்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடும். யாரும் இதுவரை உச்சரிக்காத பெயர்களில் தேடுவது துழாவியின் வேலை. அது தரும் சொல்லை மருந்தாக்குவது வார்ப்புக்கலம். இரண்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு மனிதக் குரல் வேண்டும். வாசித்துப் பார்க்காத சொல்லை வார்த்து ஓர் ஊரே படுத்துவிட்ட பிறகு வந்த சட்டம் அது. முதலெழுத்திலிருந்து கடைசி வரை ஒரே ஆள் உரக்க வாசிக்க வேண்டும். நோயாளியின் சொந்தபந்தம் உட்கார்ந்து கேட்க வேண்டும். விஷம் சேரும் இடம் வந்தால் பழகிய காதுக்கு நெருடிவிடும்.

அப்படியொரு காது சலேத்மேரிக்கு இருந்தது. பத்தொன்பது வயதில் வந்து உட்கார்ந்தவள், இருபத்தைந்து வருடமாக வாசிக்கிறாள். ஊரில் வாசிக்க வேறு ஆள் கிடையாது. இருதயராஜ் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

காரியத்தைக் கெடுத்தவள் தம்பி பெண்டாட்டி பிரகாசி. கல்யாண வீட்டில் எத்தனை பந்தி என்று விசாரிப்பதுபோல, இந்த ஊரில் எத்தனை எழுத்துச் சொல் என்று விசாரிப்பார்கள்.

"எதுத்த வீட்டுச் சூசைக்கு ஏழு லட்சம் எழுத்து மைனி! கேக்கப் போன சனம் ரெண்டு நாளா வீடு திரும்பல. எங்க வீட்டு ஆளுக்கு மட்டும் குட்டிச் சொல்லா?"

"நீளத்துல என்னட்டி இருக்கு? மருந்து கேட்டாப் போதாதா?" என்று அதட்டிவிட்டு சலேத்மேரி முகம் கழுவப் போனாள். அதற்குள் பிரகாசி விண்ணப்பத்தில் நீளம் என்ற கட்டத்தில் 'எல்லை வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மற்றவர்கள் எவ்வளவு பீற்றினாலும் அந்தக் கட்டத்தில் ஓர் எண்ணைத்தான் எழுதுவார்கள்.

துழாவி ஒரு பகல் முழுக்க முனகியது. பிறகு டாக்டர் முத்துநாயகம் வெளிறிப்போன முகத்தோடு ஓடிவந்தார்.

"சலேத்தம்மா, சொல்லு வந்துட்டு. வாசிக்க நாப்பத்தொரு வருசம் ஆகும்."

"வெளயாடாம மணிக்கணக்கச் சொல்லுங்க டாக்டர்."

"வருசம்தாம்மா. தெனம் எட்டு மணி நேரம் வாசிச்சா."

பிரகாசி தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி நான்! பெருமைக்கு ஆசைப்பட்டு என் குடிய நானே கெடுத்துட்டேனே!"

இவ்வளவு நீளம் தேடிய துழாவி சூடாறி மறுபடி தேட ஒன்பது நாள் ஆகும். இருப்பதோ மூன்று நாள். டாக்டர் திரையை உருட்டிக்கொண்டே போனவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"இருங்க, இருங்க. தம்பியோட ஒம்பது எழுத்தும் இருபதாவது மணி நேரத்துலயே முடிஞ்சிருது! அதுவரைக்கும் உள்ளதே தனிச் சொல்லா நிக்கும். வாசிச்ச வரைக்கும் வாத்துரலாம்."

சலேத்மேரி உடனே உட்கார்ந்தாள். "மெத்தியோனைல்... திரியோனைல்... குளூட்டமினைல்..."

எத்தனையோ சொற்களை வாசித்தவள்தான். இது வேறாக இருந்தது. ஓரிடத்தில்கூட நெருடவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றில் ஒரு பிசிறுகூட இல்லையே என்று அவளுக்கு மெய்சிலிர்த்தது. கேட்க வந்த சனம் வெற்றிலை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் ஒன்பதாவது எழுத்தைத் தாண்டினாள். சாயங்காலம் இருதயராஜ் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான்.

அழுது முடித்துக் கிளம்பியவளை டாக்டர் திரைக்கு முன்னால் நிறுத்தினார்.

"மிச்சத்தையும் பாத்துட்டுப் போங்க. நோய்ப் பதிவேட்டுல உள்ள அத்தனை எழுத்துக் கூட்டமும் இதுக்குள்ள வரிசையா இருக்கு. அடுத்த வாரம் ஒண்ணு, அடுத்த மாசம் ரெண்டுன்னு ஒவ்வொரு நோய்க்கா மருந்து கெடைக்கும்."

"கடைசியில என்ன இருக்கு?"

"மூப்பு. நாப்பத்தொண்ணாவது வருசம், கடைசி நாள். அதுக்கு இதவிடச் சின்னச் சொல்லே கெடையாதுன்னு துழாவி சொல்லுது. அத வாத்துட்டா அப்புறம் யாரும் சாக வேண்டியதில்ல."

சலேத்மேரி திரையிலிருந்து பின்வாங்கினாள். "வயசுல சின்னவங்க யாராவது வாசிக்கட்டுமே டாக்டர்."

"உலகம் பூரா கேட்டுட்டேன். இம்புட்டுப் பெரிய சொல்லுக்குக் காது பழகணும்னா இருபது வருசம் வாசிச்சிருக்கணும். இருக்கறவங்கள்ல சின்னவங்க நீங்கதான்."

வயது நாற்பத்து நான்கு. முடிக்கும்போது எண்பத்தைந்து. நடுவில் எந்த நோய் வந்தாலும் சின்னச் சொல் தேடி வார்த்துக் கொடுத்துவிடுவார்கள். மூப்பை மட்டும் அவள் மருந்தில்லாமல்தான் கடந்தாக வேண்டும். உலகத்திலேயே அவள் ஒருத்திதான் சாகக் கூடாது.

"வேணாங்க்கா, வீட்டுக்கு வா. என்னயக் காப்பாத்தினது போதும்," என்றான் கட்டிலில் இருந்தபடியே இருதயராஜ்.

"பயமாத்தான் இருக்குல," என்றாள் அவள். "ஆனா அது எப்படி முடியுதுன்னு கேக்காம எனக்குச் சோறு எறங்காது."

மறுநாள் காலை சொல்மனை வாசலில் கடற்கரை வரைக்கும் கூட்டம். ஒலிவாங்கிகள் எல்லா நாட்டுக்கும் அவள் குரலை அனுப்பக் காத்திருந்தன. சலேத்மேரி தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தாள்.

தும்மல் வந்தது.

கூட்டம் மொத்தமும் மூச்சடைத்து நின்றது. எங்கோ ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். இரண்டு டாக்டர்கள் ஓடிவந்தார்கள். அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, நேற்று மத்தியானம் வரை சாகக் கிடந்த தம்பி சுக்குத் தண்ணீரோடு வந்து நின்றான்.

"ஃபேன அணைங்கடே!" என்று கத்திவிட்டு, டம்ளரை அவள் கையில் வைத்தான். "சூடு பாத்துக் குடிக்கா. எல்லாரும் ஒன்னயத்தான் நம்பியிருக்காவ."